நாலாவது தடவை அணைஞ்ச தொட்டி

ஆட்டு மயிரா? இருக்கும், இருக்கும். இந்தப் பட்டியில ஆட்டு மயிரு எங்கதான் இல்ல? என் சூப்புல கெடக்கும், தலகாணியில கெடக்கும், சட்டைப் பைக்குள்ள கெடக்கும். இங்க அடிக்கிற காத்துக்கு அது நெலாவுல போயி ஒட்டிக்கிட்டாலும் ஆச்சரியமில்ல. சோலார் தகட்டுல ஒட்டிக்கிட்டதா பெரிசு?

கொத்தாவா? எங்க காட்டுங்க. அட, ஆமா. திருகாணியில மாட்டிக்கிட்டு கொத்தாத்தான் இருக்கு. அப்ப ஆடு மேல ஏறியிருக்கும். நீங்க பட்டணத்துல பொறந்தவங்க, ஆட்டைப் பத்தி உங்களுக்குத் தெரியாது இஞ்சினியரம்மா. அது ஏறாத எடமே கெடையாது. என் வீட்டுக்காரர் இருந்தப்ப ஒரு கெடா எங்க பழைய வண்டியோட கூரை மேல ஏறி நின்னுக்கிட்டு, அரை நாளு எறங்கவே மாட்டேன்னுருச்சு. இவரு கீழ நின்னு கெஞ்சுறாரு, அது மேல நின்னு தாடியை ஆட்டுது.

தொட்டி ஆள் ஒசரம் இருக்கு, சுத்தி வழுவழுன்னு இருக்கு, ஏணி இல்லாம ஆடு எப்படி ஏறும்னா? ம். அது கேள்விதான்.

அந்தத் தாளை மொதல்ல கீழ வைங்களேன். வந்ததுலருந்து அதையே பாத்துக்கிட்டு இருக்கீங்க. என்ன எழுதியிருக்கு? கண்ணாடி இல்லாம எனக்குப் படிக்க வராது, நீங்களே சொல்லுங்க. ஆங். இந்த வருஷத்துல நாலு தடவை அணைஞ்சிருக்கு. சரி. என்ன காரணம்னு தெரியலைன்னா தண்ணியை வடிச்சுட்டு, தொட்டியைத் தூக்கிட்டுப் போயி வேற எடத்துல வெச்சுருவாங்க. ஓ. அதை இன்னிக்கே எழுதணுமா? நீங்கதான் எழுதணுமா?

சரி, சரி. எழுதுறதுக்கு என்ன அவசரம்? மலார்குவே ஊருலருந்து மூணு மணி நேரம் மண்ணுல குலுங்கி வந்துருக்கீங்க, உச்சி வெயிலு மண்டையைப் பொளக்குது. இப்படி நெழலுக்கு வந்து உக்காருங்க. அடுப்புல மாத்தே எலைக்குத் தண்ணி வெச்சுட்டுத்தான் வந்தேன். மாத்தே குடிப்பீங்கல்ல? கசப்பா, சர்க்கரை போட்டா? கசப்பேவா. நல்ல பொண்ணு. வயசு என்ன ஆகுது? இருபத்தெட்டா? அப்ப நீன்னே சொல்றேன் தாயி, கோச்சுக்காத. எனக்கு அறுபத்து மூணு. என் பேரு எர்மிந்தா. உங்க தாள்ல இருக்குமே, நெலத்துக்காரின்னு.

ஆயிரத்து நூத்தி எத்தனை? அந்த நம்பரெல்லாம் எனக்குத் தெரியாது தாயி. தொட்டிக்குப் பேரு இருக்கு. பக்கவாட்டுல ஒரு சின்னப் பட்டயம் அடிச்சிருக்கும் பாரு, மண்ணைத் தொடைச்சுட்டுப் பாரு. நேலிதா. அதான் அதோட பேரு. ஒனக்கு யாரும் சொல்லலியா? தொட்டி வைக்க வந்தப்ப, நெலம் குடுத்தவங்களே பேரு வெச்சுக்கலாம்னு சொன்னாங்க. வாடகை கெடையாது, பேரு வெக்கிற உரிமைதான். இந்தப் பொட்டல்ல ஆயிரத்து அறுநூறு தொட்டி இருக்குல்ல, அத்தனைக்கும் அப்படி யாராச்சும் வெச்ச பேருதான். தெக்குப் பக்கத்துல செகுந்தினோ இருக்காரே, அவரு தன் கோவேறு கழுதை பேரை வெச்சாரு. பாலோமா. பொண்டாட்டி பேரை வெக்காம கழுதை பேரை வெச்சியாடான்னு அவரு பொண்டாட்டி ஒரு மாசம் பேசல. கழுதை நான் சொன்னா கேக்கும், அதான் வெச்சேன்னாரு. அந்தக் கழுதை செத்துப் பத்து வருஷம் ஆச்சு. தொட்டி இன்னும் பாலோமாதான்.

இதுக்கா? நேலிதான்னு ஏன் வெச்சோம்னா? இரு, தண்ணி கொதிச்சுரப்போகுது. கொதிக்க விட்டா எலை கருகிரும், அப்புறம் வாயில வைக்க முடியாது.

இந்தா. குழலை ஆட்டாம உறிஞ்சு. எப்படி இருக்கு?

தனியாத்தான் இருக்கேன். இசிதோரோ போயி அஞ்சு வருஷமாச்சு. நூத்தி இருபது ஆடு, ரெண்டு நாயி, ஒரு குதிரை. முன்னாடி முந்நூறு ஆடு இருந்துச்சு. கோடையில மலைக்கு ஓட்டிட்டுப் போறதுக்கு இப்பல்லாம் செகுந்தினோ மகன்களோட சேத்து அனுப்பிர்றேன். எனக்கு முழங்காலு ஒத்துழைக்கல. அந்த மூணு மாசம் நாயி ரெண்டும் கூடப் போயிரும். அப்ப யாருகூடப் பேசுறேன்னா? இந்தத் தொட்டிகூடத்தான், வேற யாரு இருக்கா? சிரிக்காத. அது பதில் சொல்லாது, சரிதான். ஆனா கேக்கும். கேக்குறதுக்குத்தான அதைச் செஞ்சு வெச்சிருக்கீங்க?

எனக்கு எப்படித் தெரியுமா? பௌதிலியோ சொன்னதுதான் எல்லாம். ஒனக்கு முன்னாடி பதினாறு வருஷம் இந்தப் பக்கத்துத் தொட்டிக்கெல்லாம் அவருதான் ரிப்பேருக்கு வருவாரு. குட்டையா, வழுக்கையா, எப்பப் பாத்தாலும் மூக்கு உரிஞ்சிருக்கும் வெயில்ல. போன வருஷம் ரிடையர் ஆகி நெவ்கேன்ல மக வீட்டுக்குப் போயிட்டாரு. அவருதான் சொல்லுவாரு, வானத்துலருந்து ஒரு தூசி வருதாம், கண்ணுக்குத் தெரியாத தூசி. நம்ம சூரியன்லருந்து இல்ல, எங்கெங்கயோ தொலைவுலருந்து. அது நம்ம மேலயும்தான் விழுந்துக்கிட்டே இருக்கு. தலையில பூந்து உள்ளங்காலு வழியா வெளிய போயிருதாம், நமக்குத் தெரியிறதே இல்ல. இந்தத் தொட்டிக்குள்ள பன்னெண்டாயிரம் லிட்டரு சுத்தமான தண்ணி, கும்மிருட்டு. அந்தத் தூசி அதுக்குள்ள பூந்தா இம்புட்டூண்டு நீல வெளிச்சம் மினுக்குமாம். உள்ள மூணு கண்ணு வெச்சிருக்கு, அது மட்டும் பாக்குமாம். மினுக்குனதும் ஆண்டெனா வழியா ஊருக்குச் சொல்லிரும். சரியா சொல்றேனா? பாத்தியா. பள்ளிக்கூடம் நாலு வருஷந்தான் போனேன்.

ஒரு பஞ்சத்துல, ஓடை வத்திப்போச்சு. ஆடெல்லாம் நாக்கைத் தொங்கப்போட்டுக்கிட்டு இந்தத் தொட்டி நெழல்ல படுத்துக் கெடக்கு. உள்ள பன்னெண்டாயிரம் லிட்டரு. இசிதோரோ கையில வாளியோட சுத்திச் சுத்தி வர்றாரு. ஒரு வாளி எடுத்தா ஆகாசம் கொறைஞ்சா போயிரும்னு கேக்குறாரு. நான் குறுக்க நின்னுட்டேன். தொட்டீங்கன்னா கையை ஒடிச்சிருவேன்னேன். அதுக்கு முன்னாடியும் அப்படிப் பேசினதில்ல, பின்னாடியும் பேசினதில்ல. அவரு என்னைப் பாத்தாரு, தொட்டியைப் பாத்தாரு, வாளியைக் கீழ வெச்சுட்டு ஆறு மைலு தள்ளி இருக்குற கெணத்துக்குக் குதிரையை ஓட்டிக்கிட்டுப் போயிட்டாரு. ஒரு வார்த்த கேக்கல.

இன்னொண்ணு ஊத்துறேன். நீ இன்னும் நன்றின்னு சொல்லலியே. சொன்னாத்தான் போதும்னு அர்த்தம். சொல்லாத வரைக்கும் ஊத்திக்கிட்டே இருப்பேன்.

அந்த ஏணியா? கொட்டகைக்குப் பின்னாடி சாத்தியிருக்கே, அதா? ஒனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு தாயி. அது பௌதிலியோ குடுத்தது. கடைசித் தடவை வந்தப்ப வண்டி மேல கட்டி எடுத்துட்டு வந்தாரு. அலுமினிய ஏணி, ஒத்தக் கையில தூக்கலாம். உங்க மர ஏணி உளுத்துப்போச்சு எர்மிந்தாம்மா, விழுந்து இடுப்பை ஒடிச்சுக்காதீங்கன்னாரு. எனக்கு ஏணி எதுக்குன்னு அவரு சொல்லல. நானும் கேக்கல.

போன வருஷம் அவருகூட ஒரு ஜெர்மன்காரர் வந்திருந்தாரு, பெரிய விஞ்ஞானியாம். நான் சுட்ட ஆட்டுக்கறியைத் தின்னுட்டு வெரலை நக்கினாரு. அவருகிட்ட கேட்டேன், இத்தனை வருஷமா பாக்குறீங்களே, புதுசா என்னய்யா கண்டுபிடிச்சீங்கன்னு. அவரு சொன்னாரு, வேற ஒரு நாட்டுல, பாலைவனத்துல, இதே தூசியைப் பிடிக்க வேற மாதிரிக் கருவி பரப்பி வெச்சிருக்காங்களாம். அங்க ஒரு தூசி வந்து விழுந்துச்சாம். ஒரே ஒரு தூசி. ஆனா இடுப்பு ஒசரத்துலருந்து செங்கல்லைக் கால்ல போட்டா எம்புட்டு பலமா விழுமோ, அம்புட்டு பலம் அந்த ஒத்தத் தூசிக்கு. சரி, இம்புட்டு பலமா எவன்டா எறிஞ்சான்னு வந்த தெசையைத் திரும்பிப் பாத்தாங்களாம். அங்க ஒண்ணுமே இல்லியாம் தாயி. நச்சத்திரம் இல்ல, எதுவும் இல்ல. வானத்துலயே வெத்து எடமாம் அது. வந்து சேந்தது நெசம், ஆனா அனுப்பினவன் வீட்டுல யாருமே இல்ல.

ஒருவேளை கெளம்பினப்ப இருந்திருக்கலாம், வந்து சேர்றதுக்குள்ள இல்லாமப் போயிருக்கலாமோன்னு நான் கேட்டேன். அவரு சாப்பிடுறதை நிறுத்திட்டு என்னையே பாத்தாரு. எங்க படிச்சீங்கன்னு கேட்டாரு. ரேடியோ கேட்டுப் படிச்சேன்னேன். வேடிக்கையா சொல்றேன்னு நெனச்சுக்கிட்டாரு.

நீ ரேடியோல பட்டிக்காரங்களுக்குச் சேதி படிக்கிறதைக் கேட்டிருக்கியா? இன்னிக்கும் உண்டு. காலையில, மத்தியானம், சாயங்காலம். போனு எடுக்காத எடத்துல வேற எப்படிச் சேதி சொல்றது? ஊருக்குள்ள இருக்குறவங்க எழுதிக் குடுப்பாங்க, ரேடியோக்காரர் படிப்பாரு. இன்ன பட்டி இன்னாருக்கு, உங்க மச்சினி வெள்ளிக்கிழமை வர்றாங்க, ரோட்டு முக்குல குதிரையோட நில்லுங்க. இப்படி. ஒளிவு மறைவே கெடையாது. ஒருதடவை செகுந்தினோவுக்கு ஒண்ணு படிச்சாங்க, நீங்க கேட்ட மருந்து வந்துருச்சு, எங்க தடவணும்னு டப்பாவுல எழுதியிருக்குன்னு. மூணு மாசம் அவரு ஆட்டுச் சந்தைப் பக்கமே வரல. உக்காருங்க உக்காருங்கன்னு எல்லாரும் கேலி பண்ணியே கொன்னுருப்பாங்க.

அதனால எங்க வீட்டுல ரேடியோன்னா சாமி மாதிரி. வண்டி பேட்டரியிலதான் ஓடும். சேதி நேரத்துக்கு மட்டும் போடுவோம், முடிஞ்சதும் அணைச்சுருவோம். பாட்டெல்லாம் கேக்குற வசதி கெடையாது.

என்ன தாயி? நன்றியா?

நன்றின்னுட்டியே. சரி. போதும்னா போதும்.

அதுக்குள்ள பச்சை வந்துருச்சா? அந்தக் கண்ணாடிப் பலகையில காட்டுதா? காட்டு பாக்கலாம். ஆமா, சின்னதா பச்சைப் புள்ளி. அம்புட்டுதானா? அது வந்துட்டா தொட்டி நல்லாயிருச்சுன்னு அர்த்தம், ஊருலயும் அவங்க பலகையில பச்சை வந்துரும், நீ ஒண்ணும் சொல்லவேண்டியதில்ல. தெரியும். இந்த வருஷம் மூணு தடவை பாத்துட்டேன். மொத ரெண்டு தடவை ஒரு தாடிக்காரர் வந்தாரு. மேல ஏறினாரு, எறங்கினாரு, பலகையைப் பாத்தாரு, போயிட்டாரு. மூணாவது தடவை வந்தவரு காதுல எதையோ சொருகிக்கிட்டு பாட்டுக் கேட்டுக்கிட்டே வேலை பாத்தாரு. நல்லவங்கதான். மாத்தே குடுத்தா குடிச்சாங்க. ஆனா ஒருத்தரும் வாயைத் தொறந்து சொல்லல.

என்னத்தச் சொல்லலன்னா…

நீ அந்தத் தாளைத் திருப்பு. முந்தின வருஷத்துக் கணக்கு இருக்குல்ல, அதைப் படி. வருஷத்துக்கு ஒரு தடவை அணைஞ்சிருக்கா? எப்ப? அக்டோபர். அதுக்கு முந்தின வருஷம்? அக்டோபர். இன்னும் முன்னாடி போ. மொத்தமும் அக்டோபர்தான். இந்த வருஷந்தான் நாலு தடவை. இப்ப ஒரு நாலு எட்டு எடுத்து வெச்சுக் கொட்டகைக்குள்ள எட்டிப்பாரு. கதவுக்குப் பின்னாடி ஒரு வெள்ளாட்டுத் தோலு சுருட்டி வெச்சிருக்கும். பெரிய கெடாத் தோலு, மயிரோட. தகட்டு அளவுக்கு வெட்டி, நாலு மூலையிலயும் கயிறு கோத்திருக்கேன். அதைப் போட்டு மூடினா ஒன்பது நாள்ல பேட்டரி வத்திரும். பத்தாம் நாளு ஊருல தெரியும், பன்னெண்டாம் நாளு வண்டிப் புழுதி தெரியும். அந்தப் புழுதி தெரிஞ்சதும் ஏறி எடுத்துருவேன். இன்னிக்கு முழங்காலு பிடிச்சுக்கிச்சு, அவசரத்துல இழுத்தேன், மயிரு திருகாணியில மாட்டிக்கிச்சு.

கோவப்படு, பரவாயில்ல. மூணு மணி நேரம் வந்தவ நீ.

பௌதிலியோகிட்ட இந்தப் பலகையெல்லாம் கெடையாது. வண்டியில வயர்லெஸ் இருக்கும். தொட்டி வேலை செய்ய ஆரம்பிச்சதும் அதை எடுத்து, தொண்டையைச் செருமிட்டு, ஊருக்குச் சொல்லுவாரு. சத்தமா, ஏன்னா இங்க காத்து. மொதமொதல்ல நெசமாவே பேட்டரி கெட்டுப்போயி வந்தாரு, தொட்டி வெச்ச மூணாம் வருஷம். நான் கெட்டிலோட பக்கத்துல நிக்கிறேன். அவரு வயர்லெஸ்ல சொல்றாரு, நேலிதா உயிரோட இருக்கா, நேலிதா உயிரோட இருக்கா, கேக்குதான்னு. நான் சுடுதண்ணி பூராவும் கால்ல கொட்டிக்கிட்டேன். இதோ, இந்தத் தழும்பு.

என் மக தாயி. நேலிதா. பதினேழு வயசு.

வயித்துவலின்னா. ஆட்டைப் பாத்துக்கிட்டு இருந்தவ அப்படியே சுருண்டு உக்காந்துட்டா. செகுந்தினோ வண்டியில ஊருக்குக் கொண்டுபோயி ஆசுபத்திரியில சேத்தோம், என் தங்கச்சி கூட இருந்தா. அக்டோபர். ஒனக்கு அக்டோபர்னா என்னன்னு தெரியாது. முந்நூறு ஆடும் குட்டி போடுற மாசம். ரெண்டு பேரும் பட்டியை விட்டு நகர முடியாது. நகர்ந்தா குட்டியை நரி தூக்கும், கழுகு கண்ணைக் கொத்தும், தாயாடு சேத்துக்காம விட்டுரும். அதனால நாங்க திரும்பி வந்து ரேடியோ முன்னாடி உக்காந்தோம். மறுநாள் மத்தியானம் படிச்சாங்க. மூணுகல்லுப் பட்டி எர்மிந்தாவுக்கும் இசிதோரோவுக்கும். நேலிதாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சது. நேலிதா உயிரோட இருக்கா, சூப்பு குடிச்சா. அவசரப்பட்டு வரவேண்டாம். அதையே சாயங்காலமும் படிச்சாங்க. இசிதோரோ தொப்பியைத் தூக்கிக் கூரையில எறிஞ்சாரு.

மறுநாள் விடிஞ்சதும் ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பட்டிக்காரர் நடந்தே வந்தாரு, வண்டி கெளம்பல, பேட்டரி இருந்தா குடுங்கன்னு. இல்லன்னு யாரு சொல்லுவா? கேட்டா குடுக்கணும், நாளைக்கு நாமளும் போயி நிப்போம். அதான் நல்ல சேதி வந்துருச்சேன்னு இவரு ரேடியோலருந்து பேட்டரியைக் கழட்டிக் குடுத்துட்டாரு. நான் வேண்டாங்கல. நான்தான் கயிறு போட்டுக் கட்டியே குடுத்தேன்.

மூணு நாளு. குட்டி மேல குட்டி. ஒரு வெள்ளைக் குட்டிக்கு, நேலிதா வந்து பேரு வெக்கட்டும்னு விட்டு வெச்சேன். பாடிக்கிட்டே திரிஞ்சேன் தாயி. நாலாம் நாளு தெக்கால ஒரு குதிரை வர்றது தெரிஞ்சுச்சு. செகுந்தினோ. ரொம்ப தூரத்துலயே தொப்பியைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு வந்தாரு.

சாயங்காலம் அந்தச் சேதியை ரெண்டாவது தடவை படிச்சாங்கல்ல, அப்பவே அவ இல்லியாம். எழுதிக் குடுத்தப்ப இருந்திருக்கா, படிக்கிறப்ப இல்ல. அதுக்கப்புறம் மூணு நாளு, ஒரு நாளைக்கு மூணு வேளை, உடனே வாங்க உடனே வாங்கன்னு படிச்சிருக்காங்க. அப்புறம் அவ போயிட்டான்னும் படிச்சிருக்காங்க. இந்தப் பொட்டக்காடு முழுக்கக் கேட்டிருக்கு. ஒவ்வொரு பட்டியிலயும் அடுப்பை அணைச்சுட்டு எங்களுக்காக அழுதிருக்காங்க. நாங்களும் கேட்டிருப்போம்னு நெனச்சு யாரும் வந்து சொல்லல. கேக்காதது நாங்க ரெண்டு பேருந்தான்.

அதுக்கப்புறம் இந்த வீட்டுல அவ பேரைச் சொல்றதில்ல. இசிதோரோவால முடியல. தொட்டி வைக்க வந்தவங்க பேரு கேட்டப்ப நான்தான் சொன்னேன். அவரு எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. கடைசி வரைக்கும் அவருக்கு அது வெறும் தொட்டிதான். ஆனா வருஷா வருஷம் அக்டோபர்ல நான் தோலைப் போட்டு மூடுற வாரம், அந்தப் பக்கம் ஆட்டை ஓட்டமாட்டாரு. பௌதிலியோ வர்ற அன்னிக்கு அதோ அந்தப் பட்டிச் சுவருக்குப் பின்னாடி போயி நின்னுக்குவாரு. தொப்பி மட்டும் தெரியும் எனக்கு. வயர்லெஸ்ல சொல்லி முடிச்சதும் தொப்பி நகர்ந்து போகும். நான் பாத்ததா காட்டிக்கல.

பைத்தியம் இல்ல தாயி நான். மக எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும், ஊருக் கல்லறையில மூணாவது வரிசை. மாசம் ஒருதடவை போறேன். ஆனா இந்த ஒரு வார்த்தையை இன்னொருத்தர் வாயால, காத்துக்கு மேல சத்தம் போட்டு, வருஷத்துக்கு ஒரு தடவை கேட்டுட்டா எனக்குப் போதும், அடுத்த அக்டோபர் வரைக்கும் ஓட்டிருவேன். இந்த வருஷம் யாரும் சொல்லல. அதான் மறுபடி மூடினேன். மறுபடியும். சொல்லுவீங்க, சொல்லுவீங்கன்னு.

தோலை நீயே எடுத்துட்டுப் போயிரு. நல்ல தோலு, சீட்டுல விரிச்சுக்கோ, குளிருக்கு எதமா இருக்கும். இனிமே மூடமாட்டேன். தொட்டியை மட்டும் எடுத்துராதீங்க.

என்னத்தத் தாயி எழுதுற? சத்தமா படி. ஆடு ஏறி மறைச்சதால… ஐயோ, சிரிப்பு மூட்டாத. ஏணி இல்லாம ஆடு எப்படி ஏறும்னு மேல இருக்குறவங்க கேக்க மாட்டாங்களா? இந்தப் பக்கத்து ஆடுகளைப் பத்தி அவங்களுக்குத் தெரியாதுங்கிறியா? சரி. நீ படிச்சவ, நீ எழுதினா நம்புவாங்க.

எங்க போற? வண்டிக்கா? ஓ, வயர்லெஸ் இன்னும் இருக்கா அதுல? நான் கழட்டியிருப்பாங்கன்னுல்ல நெனச்சேன். இரு, கெட்டிலைக் கீழ வெச்சுட்டு வந்துர்றேன்.

நம்பரு வேணாம் தாயி. பேரைச் சொல்லு. கொஞ்சம் சத்தமா, காத்து இருக்கு.

ம்.

ம். அப்படித்தான்.

அந்தப் பக்கம் என்ன சொன்னாங்க? எனக்குச் சரியா விழல. கேட்டுச்சு, எழுதிக்கிட்டோம்னா சொன்னாங்க?

எழுதிக்கிட்டாங்களா. சரி தாயி. எழுதிக்கட்டும்.